கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில்

கணவன் செத்த வாரத்தில் அவள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கடவுளின் அந்தரங்கக் காரியதரிசிகளைப் போலப் பேசினார்கள். அவர் ஏன் எடுத்துக்கொண்டார், எதற்காக எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டதில் அவளுக்கு என்ன நன்மை என்பதெல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது போலிருந்தது. சபையின் ஜெபக்குழுத் தலைவி நனைந்த குடையைக்கூட மடக்காமல் நடுக்கூடத்தில் நின்றபடி, "உன் வீட்டுக்காரர் மாதிரி நல்லவங்க பரலோகத்துக்கும் தேவைப்படுறாங்கம்மா" என்றாள்.

செத்தவன் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏன், அங்க லிஃப்ட் ஏதாவது பாதியில நின்னுபோச்சா?" என்று அவள் கேட்டாள்.

தலைவி அதைத் துக்கத்தில் உளறியதாக எடுத்துக்கொண்டு, அவள் தலையில் கைவைத்து ஜெபித்தாள். பிறகு குடையிலிருந்து சொட்டிய தண்ணீரை அவள் துடைப்பதற்கென்று தரையில் விட்டுவிட்டுப் போனாள்.

வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நின்ற சொல் ஒன்றுதான்: தேவ சித்தம். அதைச் சொல்லிவிட்டால் எழுந்துபோக அனுமதி கிடைத்துவிட்டது போல ஒரு நிம்மதி அவர்கள் முகத்தில் வரும். உண்மையில் நடந்தது என்ன என்பது நீதிமன்றத்திலேயே தெளிவாகிவிட்டது. சோபா ஏற்றிக்கொண்டு போன ஒரு வேன். அதன் டிரைவரின் ஃபிளாஸ்க் மூடி காலடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தான். பச்சை விளக்கை நம்பிச் சாலையைக் கடந்துகொண்டிருந்த அவள் கணவன்மேல் வேன் ஏறியது. டிரைவரே இதைத் தன் வாயால் சொன்னான். சொல்ல முடியாமல் சொன்னான், தாடையில் கட்டுப் போட்டிருந்தார்கள்.

ஆக, ஒரு மூடி. தேநீர் ஊற்றிக் குடிக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற மூடி. அதற்குள் தேவனின் சித்தத்தை இவர்கள் எப்படி அடைத்தார்கள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. கடவுள் இல்லை என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் விவகாரம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் இருக்கிறார், தான் செய்யாத காரியத்தைத் தன் பேரில் எழுதுவதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவதில்லை. அதுதான் அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம்.

இத்தனைக்கும் நடுவில் நாத்தனார் புகழ் பெற்றுவிட்டாள். செத்தவனின் ஒரே தங்கை அவள். அபராதம் மட்டும் விதித்துத் தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் டிரைவரின் கையைப் பிடித்து, "உங்கள நான் மன்னிச்சிட்டேன்" என்று சொன்னாள். அடுத்த ஞாயிறு அதையே சபையில் சாட்சியாகச் சொன்னாள். கைதட்டினார்கள். பக்கத்துச் சபையிலும் வந்து சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு சபையிலும் டிரைவரின் கண்ணீர் கொஞ்சம் கூடியது. முதலில் கண் கலங்கினான், அப்புறம் தேம்பினான், கடைசியாகச் சொன்ன இடத்தில் முழங்காலில் விழுந்துவிட்டான். இவளோ அன்று தாழ்வாரத்தின் மறுகோடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். அந்த ஆள் தலையை ஒரு தடவை ஆட்டினான், அவ்வளவுதான். ஆட்டிவிட்டுக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று வக்கீலிடம் சைகையில் கேட்டான்.

"நீங்களும் மன்னிச்சிடுங்க அண்ணி. மனசு லேசாயிடும்" என்பாள் நாத்தனார்.

"உனக்கு லேசாயிடுச்சா?"

"பஞ்சு மாதிரி இருக்கு."

"தெரியுது. காத்துல பறந்துட்டேதான் இருக்க."

ஆனாலும் அவள் ஞாயிறுதோறும் சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. போகாவிட்டால் 'வழிதவறிய நம் சகோதரி' என்று தன்னை ஜெபத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை. எப்போதும் அவளும் கணவனும் உட்கார்ந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, பாட வேண்டிய இடத்தில் பாடி, பிரசங்கத்தில் போதகர் அழுகிற மாதிரிக் குரலை இழுக்கும் இடங்களில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவாள்.

அவள் செய்தது பல் கட்டும் வேலை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம் ஒரு நீண்ட அறை. ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி, பிளாஸ்டர் மாவு மூட்டை, மெழுகு உருக்கும் சிறு விளக்கு. மேசைமேல் வாய்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் பிளாஸ்டரில் வார்த்த வாய்கள். அவற்றைக் கீல் வைத்த பித்தளைத் தாடையில் பொருத்தி, ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேலும் கீழும் சேருகிறதா என்று திறந்து மூடிப் பார்ப்பாள். உடன் வேலை செய்த பெண்ணை எல்லாரும் 'பாலிஷ்' என்றார்கள். முடிந்த பல்செட்டுக்குப் பாலிஷ் போடுவது அவள் வேலை. யாரோடும் அஞ்சு நிமிஷத்தில் வழவழவென்று ஒட்டிக்கொள்வதும் அவள் குணம்.

ஒரு நாள் முற்பகல் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். உதடு இரண்டும் உள்ளே மடிந்து, மூக்கும் முகவாயும் ஒன்றையொன்று விசாரிக்க வந்தது போல நெருங்கியிருந்தன.

"உள்ள வரலாமாம்மா? டாக்டர் அனுப்புனாரு. பல்லுக்குக் கலர் பாக்கணுமாம்."

"வாங்க வாங்க, உக்காருங்க" என்றாள் பாலிஷ். "பெயின்ட் கடைக்கு வந்த மாதிரி நினைச்சுக்குங்க. என்ன கலர் வேணும், பச்சையா நீலமா?"

அந்த ஆள் சிரித்தான். சிரித்தபோது முகவாயின் இடப்பக்கம் ஒரு தழும்பு நெளிந்தது. முகமூடிக்கும் கண்ணாடிக்கும் பின்னால் அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். அவன் அவளை அடையாளம் காணவில்லை. வேலை செய்யும்போது அவளை அவள் அம்மாவே கண்டுபிடிக்க முடியாது.

"ரொம்ப வெள்ளையா வேணாம்மா, குதிரை மாதிரி இருக்கும். அதுக்காக மஞ்சளாவும் போட்டுறாதீங்க. நான் சிகரெட் குடிக்கிறவன் இல்ல."

மாதிரிப் பற்களைக் கோத்து வைத்திருந்த சரத்தை பாலிஷ் அவன் முகத்தருகே பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "எப்படிண்ணே எல்லாப் பல்லும் போச்சு? உங்களப் பார்த்தா அவ்வளவு வயசு தெரியலையே."

"ஒரு விபத்தும்மா. ஸ்டியரிங்ல மோதி முன்னாடி இருந்ததெல்லாம் போயிருச்சு. மிச்சம் ஆடிட்டிருந்தத டாக்டர் பிடுங்கிட்டாரு. ஒருத்தன் குறுக்க வந்துட்டான்."

"அச்சச்சோ. அவருக்கு என்னாச்சு?"

"ம்..." என்றான் அந்த ஆள். பிறகு சரத்தில் ஒரு பல்லைத் தொட்டு, "இது நல்லாருக்குல்ல?" என்றான்.

அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

குறுக்கே வந்துவிட்டான். நீதிமன்றத்தில் 'குனிந்தேன்' என்றவன் இவன், இப்போது நிமிர்ந்துவிட்டான். பச்சை விளக்கில் நடந்தவனைக் குறுக்கே வரவைத்துவிட்டான். பல்லில்லாத வாயிலிருந்து உண்மைகூட நழுவி விழுந்துவிடுகிறது போலும்.

அவனுடைய வாய் பிளாஸ்டரில் அவள் மேசைக்கு வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அண்ணத்தின் மேடு, ஈறின் வளைவு, நாக்கு கிடக்கும் பள்ளம். ஒரு மனிதனின் வாய் முழுவதும் தன் உள்ளங்கையில் கிடப்பதன் பொருள் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேல்வரிசைக் கடைவாய்ப்பற்கள் கீழ்வரிசையைக் கொஞ்சம் வெளிப்புறமாக மூடி நிற்க வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் கன்னத்தை ஒதுக்கி வைக்கிறது. அதை இல்லாமல் செய்து, மேலும் கீழும் விளிம்போடு விளிம்பாக நிறுத்திவிட்டால், மெல்லும்போதெல்லாம் கன்னத்தின் உட்சதை நடுவில் வந்து மாட்டும். ஒவ்வொரு கவளத்திலும் மாட்டாது. எப்போது மாட்டும் என்று தெரியாதபடி மாட்டும். வேலை பழகாதவர்கள் தவறிச் செய்கிற பிழை அது. அவளோ நிதானமாக, உதட்டைக் கடித்துக்கொண்டு, அத்தனை நேர்த்தியாகச் செய்தாள்.

டாக்டர் பிடிக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கு முன்பல் அழகாக இருந்தால் போதும். நோயாளி கண்ணாடியில் பார்ப்பது அதைத்தானே. அப்படியே ஆயிற்று. பாலிஷ் அதைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தாள். "அக்கா, இந்த செட்டு உங்க கையிலேயே பெஸ்ட்டு" என்றும் சொன்னாள்.

முதல் சில நாட்கள் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது. கணவன் போனதிலிருந்து வாயில் எதைப் போட்டாலும் ஈரக் காகிதம் போலிருந்தவளுக்கு, இப்போது ஒவ்வொரு கவளத்திலும் ஒரு ரகசியம் இருந்தது. இந்நேரம் அவனும் சாப்பிட உட்கார்ந்திருப்பான். இந்நேரம் கடித்திருப்பான். 'ஸ்' என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான். அவள் இன்னொரு கவளம் எடுப்பாள்.

இதில் அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவன் எழுந்து போக மறுத்தான். காலையில் ரொட்டியைத் தொட்டால் அவன் வந்து உட்கார்ந்தான். மதியம் பாலிஷோடு டப்பாவைத் திறந்தால் அவன். இரவுச் சாப்பாட்டுக்கு மேசையில் கணவன் உட்காரும் நாற்காலியில், மூக்கும் முகவாயும் நெருங்கிய அந்த முகம், மென்று மென்று. ஒரு நாள் அவனை விரட்டுவதற்காகக் கணவன் சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தாள். அவனுக்கு ஒரு கடைவாய்ப்பல் சொத்தை. ஊர் முழுக்கப் பல் கட்டுகிறவளின் புருஷன், ஊசிக்குப் பயந்து கடைசிவரை டாக்டரிடம் போகவில்லை. ஒரே பக்கமாக மெல்லுவான். எந்தப் பக்கம்?

அவள் கையில் எடுத்ததைத் தட்டில் போட்டாள். இடமா, வலமா? எத்தனையோ வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தது. கண்ணை மூடி அவன் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். தாடை அசைந்தது, அது தழும்பு உள்ள தாடை. வேன் கொண்டுபோனது போக மிச்சமிருந்தவனை எழுப்பிவிட்டு, அவளே அந்த நாற்காலியை அந்த ஆளுக்குக் கொடுத்திருந்தாள். பயம் வந்தது. ஆனால் பயத்துக்காக வேலையைத் திருத்துகிறவள் அல்ல அவள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள்.

அடுத்த வாரம் அந்த ஆள் திரும்ப வந்தான். பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கன்னங்கள் உப்பியிருந்தன.

"டாக்டர் பழகிரும்னு சொல்றாரும்மா. பழகல. உள்ள ரெண்டு பக்கமும் புண்ணு. ரொட்டியத் தண்ணில ஊறவச்சு முழுங்கிட்டிருக்கேன்."

பாலிஷ் பதறினாள். "அக்கா கை வச்ச செட்டு அப்படி ஆகாதேண்ணே. ஏதோ..."

"உங்க மேல தப்பு இல்லம்மா" என்றான் அவன் அவசரமாக. "எனக்குத் தெரியும், இது ஏன்னு. அன்னிக்கு உங்ககிட்ட ஒருத்தன் குறுக்க வந்துட்டான்னு சொன்னேன் பாருங்க. அது பொய். நான்தான் ரோட்டப் பாக்காம குனிஞ்சேன். அந்தப் பொய்யச் சொன்ன வாய்ல இந்தப் பல்ல வச்சேன். அன்னியிலருந்து கடிக்குது. இது பல்லு இல்லம்மா. கடவுள்தான் கடிக்கிறாரு."

அவள் கையை நீட்டி கைக்குட்டையோடு செட்டை வாங்கிக்கொண்டாள்.

"வச்சிட்டுப் போங்க. திங்கக்கிழமை வாங்க" என்றாள். அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெஞ்சிலிருந்து எழும்போது நாத்தனார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அண்ணி, விஷயம் தெரியுமா? அந்த டிரைவர் நம்ம போதகர்கிட்ட ஜெபம் பண்ணச் சொல்லி வந்தானாம். வாயெல்லாம் புண்ணாம். சோறு தண்ணி எறங்கலையாம். கடவுள் தண்டிக்கிறாருன்னு அவனே அழுதானாம்!"

"நீதான் அவன மன்னிச்சிட்டியே."

"நான் மன்னிச்சேன். தேவன் கணக்கு வச்சிருக்காரு பாருங்க! அடுத்த வாரம் இதச் சாட்சியா சொல்லப்போறேன். நம்ம கண்ணீரை அவர் துருத்தியில சேத்து வைக்கிறாருன்னு வேதத்துல..."

"சொல்லாத."

"ஏன்?"

"கடவுள் கடிக்கல. நான் கடிக்கிறேன். அவனுக்குப் பல்லு கட்டுனது நான். கன்னம் மாட்டுற மாதிரி வேணும்னே வச்சேன்."

நாத்தனார் சுற்றிலும் பார்த்தாள், யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று. பிறகு அவள் முகத்தில் மறுபடி அந்த வெளிச்சம் மெல்ல ஏறியது.

"அப்போ... தேவன் உங்களக் கருவியா எடுத்து உபயோகிச்சிருக்காரு அண்ணி! அவன் மனந்திரும்பிட்டானே!"

"அப்படியே அந்த ஃபிளாஸ்க் மூடியையும் கருவின்னு சொல்லிடு."

"அண்ணி, இத வெளிய மட்டும் சொல்லிடாதீங்க. சாட்சி கெட்டுப்போயிடும்."

பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதனால் துருப்பிடித்த கீல் மாதிரிக் கிறீச்சிட்டது. நாத்தனார் கோபித்துக்கொண்டு போனாள். எல்லாரும் போனார்கள். ஒருவன் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான். அவள் திரும்பவும் உட்கார்ந்தாள்.

சிரிப்பு யாரைப் பார்த்து என்று இப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளாகக் குடை நனைந்த தலைவியையும், சாட்சி சொல்கிற நாத்தனாரையும், குரலை இழுக்கிற போதகரையும் அவள் எதற்காக இகழ்ந்தாளோ, அதையே அவர்கள் எல்லாரையும்விடத் திருத்தமாகச் செய்து பாலிஷ் போட்டு அனுப்பியிருந்தாள். அவர்கள் வாயால் சொன்னதோடு சரி. இவள் ரோஸ் நிற ஈறு வைத்து, நிறம் பொருத்தி, ஒரு கடவுளையே செய்து ஒருவன் வாயில் மாட்டியிருந்தாள். நேரம் பார்த்துக் கன்னத்தைக் கடிக்கிற கடவுள். அந்த ஆள் அதை நம்பி, தண்ணீரில் ஊறிய ரொட்டியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறான். அங்கே மேலே இருப்பவரோ வழக்கம்போல மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னைச் சிலுவையில் ஆணி அடித்தவர்களுக்காகக்கூட, 'பாவம், தெரியாமல் செய்கிறார்கள், விட்டுவிடும்' என்று பரிந்து பேசிய ஆள் அவர். தன்னைப் பற்றிப் பேச வாய் திறக்காதவர்.

தெரியாமல். அந்தச் சொல்லில் அவள் தடுக்கி விழுந்தாள். அந்த டிரைவர் தெரியாமல் செய்தான். குனிந்தான், தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். எந்தப் பல், எந்த விளிம்பு, எவ்வளவு சதை, எல்லாம் தெரியும். அந்தப் பரிந்துரையில் நிற்க அவனுக்கு இடம் இருக்கிறது. அவளுக்குத்தான் இல்லை. அவளுக்கு வேண்டுமானால் அதைவிடப் பெரிய கருணை ஏதாவது இருந்தால்தான் உண்டு.

அவள் ஜெபித்தாள். கண்ணை மூடவில்லை, முழங்கால் போடவில்லை. முன் பெஞ்சின் முதுகில் யாரோ நகத்தால் கீறிவைத்த கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆண்டவரே, எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. அவன் மூஞ்சியும் பிடிக்கல, பேச்சும் பிடிக்கல. நீர் அவனுக்காகவும் செத்தீர்னு சொல்றாங்க. உம்ம ரசனையப் பத்தி நான் என்ன சொல்றது. ஆனா உம்ம பேர்ல நான் ஒரு பொய்ய வெளிய விட்டுட்டேன். அதத் திருப்பி வாங்கணும். மன்னிக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல. தேடிப் பார்த்துட்டேன். இருந்தா நீர்தான் குடுக்கணும். என் வீட்டுக்காரரையும் திருப்பிக் குடும். உயிரோட கேக்கல. எந்தப் பக்கம் மென்னார்னாவது."

கடைசி மின்விசிறி நின்றது. "பூட்டணும்க்கா" என்று விசிறி அணைத்தவன் வந்து நின்றான். அவள் எழுந்து போனாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகச் செட்டின் கடைவாய்ப்பற்களை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தாள். மெழுகு வைத்து, வேறு பற்களை, இருக்க வேண்டிய இடத்தில் நட்டாள். பித்தளைத் தாடையில் திறந்து மூடிப் பார்த்தாள். மெழுகில் நிற்கும் பற்களை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக இறுக்க வேண்டும். டாக்டரிடம் போய், போன தடவை தான் வேண்டுமென்றே தப்பாக வைத்ததாகச் சொன்னாள். "நேரமில்லாத நேரத்துல ஜோக் அடிக்காதீங்க" என்றார் அவர், அடுத்த நோயாளியின் வாய்க்குள் குனிந்தபடி. "நீங்களே வச்சுப் பார்த்துடுங்க."

அந்த ஆள் வந்தபோது பாலிஷை வெளியே தேநீர் குடிக்க அனுப்பினாள்.

"அண்ணனுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரவா?"

"எதுவும் வாங்காத. போடி."

அவன் சுழல் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். அவள் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

"கடவுள் கடிக்கிறாருன்னு சொன்னீங்க. அவர் இல்ல."

"இல்லம்மா, உங்களுக்குத் தெரியாது..."

"எனக்குத் தெரியும். கன்னம் மாட்டுற மாதிரி பல்ல வச்சது நான். தெரியாம வரல. வேணும்னு வச்சேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கோபத்தை எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். அவன் கேட்டது வேறு.

"அப்போ... அவரு இல்லையா? நிஜமாவா?"

"இல்ல."

"அப்பாடா" என்றான். மூச்சு அவன் உதடுகளை ஒரு துணி போல அசைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வி அவனுக்கு எட்டியது. "நீங்க எதுக்கும்மா எனக்கு அப்படிச் செய்யணும்?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"குறுக்க வந்தவரோட பொண்டாட்டி."

அவன் எழுந்தான். நாற்காலி தன்பாட்டுக்கு ஒரு சுற்று சுற்றியது. நேராகக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முதுகு பெரியது, சோபா தூக்கிப் பழகிய முதுகு. அது மேலும் கீழும் போய்வந்தது. போகட்டும் என்று அவள் நினைத்தாள். போய் டாக்டரிடம் கத்தட்டும், போலீசுக்கே போகட்டும். உரிமை இருக்கிறது. ஆனால் அவன் பல் இவள் மேசைமேல் இருந்தது.

"பசிக்குதும்மா" என்றான் கதவைப் பார்த்துக்கொண்டே. உலகத்தில் மன்னிப்புக்கு முன்னால் இவ்வளவு கேவலமான வார்த்தையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அது அவளுக்குப் பரவாயில்லை என்றும் இருந்தது. முழங்காலில் விழுந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாள்.

"உக்காருங்க. வாயத் திறங்க."

அவன் வந்து உட்கார்ந்தான். திறந்தான். இரண்டு கன்னத்தின் உட்புறமும் வெள்ளையாக, பிய்ந்து, ஓரம் சிவந்து கிடந்தது. பிளாஸ்டரில் இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. பிளாஸ்டர் வாயில் புண் வராது. அவள் அதைத் தேவைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேல் செட்டையும் கீழ் செட்டையும் வைத்தாள்.

"அன்னிக்கு மூடி உருண்டுச்சும்மா" என்று அவன் மெழுகும் பல்லுமாகத் தொடங்கினான். "சூடா டீ இருந்துச்சு. நான்..."

"பேசாதீங்க. மெழுகு கலையும்."

அவன் நிறுத்தினான். கண்ணில் நீர் கட்டி நின்றது, விழவில்லை. நாத்தனார் பார்த்திருந்தால் மூன்று சபைக்கு வைத்துக்கொண்டிருப்பாள்.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் அவள். "கேட்டிருக்கேன். இன்னும் கைக்கு வரல. வந்தா சொல்லி அனுப்புறேன். அதுவரைக்கும் பல்லு சரியா இருக்கும்."

அவன் தலையை ஆட்டினான். ஒரே ஒரு தடவை, தாழ்வாரத்தில் ஆட்டிய அதே மாதிரி.

அவள் கையைக் கழுவி, ஆள்காட்டி விரலை அவன் வாயின் ஓரமாக விட்டு, பல்வரிசைக்கு வெளியே, புண்ணுக்குப் பக்கத்தில், கன்னச் சதை வந்து மாட்டுகிற அந்த இடத்தில் படுக்கவைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. உயிருள்ள வாய், அவ்வளவுதான்.

"கடிங்க."

அவன் கடிக்கவில்லை. கண்ணை உருட்டி அவள் கையைப் பார்த்தான்.

"வெரல் இருக்கேம்மா" என்றான் குழறலாக.

"தெரியும். அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

"மாட்டிருச்சுன்னா?"

"மாட்டுனா என் வேலை சரியில்லன்னு அர்த்தம். கடிங்க."

அவன் அப்போதும் தாடையை மூடவில்லை. அவளுக்கு வலிக்கும் என்று பயந்தான். அந்த நேரத்தில் அவளும் ஒன்றைக் கவனித்தாள். இந்தப் பல் இவனைக் கடிக்கக் கூடாது, இனி ஒரு தடவைகூடக் கடிக்கக் கூடாது என்று தான் விரும்பிக்கொண்டிருப்பதை. வேலைக்காகவோ கடவுளின் பேருக்காகவோ மட்டும் இல்லை. இவனுக்கு, இந்தப் பிடிக்காத முகத்துக்கு, வலிக்கக் கூடாது என்று. அந்த விருப்பம் தன்னுடையதல்ல என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட சரக்கு எதுவும் அவளிடம் இருந்ததில்லை; நேற்றுக்கூடத் தேடிப் பார்த்தவள் அவள். சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை.

"நான் சொல்றேன்ல" என்றாள். குரல் வழக்கத்தைவிடக் கடுமையாகத்தான் வந்தது. "கடிங்க."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தாடையை மெல்ல உயர்த்தினான். கீழ்வரிசை ஏறிவர, மேல்வரிசை அதைக் கொஞ்சம் வெளிப்புறமாக மூடியது. விரல் தன் இடத்தில் தொடப்படாமல் கிடந்தது.

அவன் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"இப்ப அந்தப் பக்கம்" என்று சொல்லி, அவள் விரலை மறு கன்னத்துக்கு மாற்றினாள்.